வாவியில் லொறி மிதந்த நாள்

அறுபதுகளின் தொடக்கத்தில் களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரியில் மருத்துவிச்சியாக இருந்தேன்; ஊருக்கு நான் ‘மிஸ்ஸி’. வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களுக்கும் நானே போகவேண்டும். ஆசுபத்திரிக்குக் கிட்டவுள்ள துறையில் தோணி ஏறுவேன். நெல் மூட்டை வருவதும் தோணியில்தான், பிள்ளைப்பேற்றுக்காரி வருவதும் தோணியில்தான்.

லொறியையே ஏற்றி அக்கரை சேர்க்கும் பெரிய மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். அப்படியொரு பாதை கேட்டு ஊர் வர்த்தகர் சங்கம் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடையாய் நடந்தது. கடைசியில் பதில் வந்தது: துறையையும் அதற்கான ரோட்டையும் ஊரார் போட்டால் பாதையை அரசாங்கம் தரும்.

துறையை எங்கே வைப்பதென்று தீர்மானிக்கச் சங்கம் ஒரு புடவைக்கடை மேல்மாடியில் கூடியது. அடிக்கடி வாவி கடப்பவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் நெல் ஆலை முதலாளி. ஆசுபத்திரியிலிருந்து தூரத்தில் இருந்த தன் ஆலைக்குப் பின்னால் துறை வந்தால் கல்லும் லொறியும் தானே தருவதாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“மில்லடியில இறக்கினா வருத்தக்காரர ஆசுபத்திரிக்கு ஆர் தூக்குற?” என்று கேட்டுவிட்டேன்.

“நெல்லு வந்தாத்தானே மிஸ்ஸி ஊர் வளரும்?” என்றார் முதலாளி.

புடவைக்கடைக்காரர் காத்தான்குடி முஸ்லிம், ஊர் அவரைக் காக்கா என்றே கூப்பிடும். “மிஸ்ஸி சொல்றதையும் ஒருக்கா யோசிங்க முதலாளி” என்றார் மெதுவாக. முதலாளி சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் நான் தோணி ஏறப் போனபோது முதலாளி அங்கே நின்றார். “நானும் வாறன்” என்று தோணியில் ஏறினார்.

மாரிகாலம். அக்கரைச் சேற்றில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம், பிள்ளையின் கால் முதலில் வந்திருந்தது. அதே தோணியில் திரும்பினோம். எதிர்காற்று. முதலாளி அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். தோணி தரைதட்டியதும் வெள்ளை வேட்டியோடு தண்ணீரில் குதித்துக் கட்டிலின் ஒரு மூலையைத் தோளில் ஏற்றினார். சேற்றில் இரண்டு தரம் முழங்கால் குத்தினார், கட்டிலை விடவில்லை.

டொக்டர் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். விறாந்தையில் முதலாளி சேறு காயாமல் இருந்தார்.

“இந்தக் கொஞ்சத் தூரமே இப்பிடி. மில்லடியில இருந்தெண்டா...” அவர் கட்டில் சுமந்த தோளைத் தடவினார். “சங்கத்த மறுகாக் கூட்டுவம் மிஸ்ஸி. துறை இஞ்சதான்.”

“அப்ப உங்கட மில்லு?”

“நெல்லு சுத்தி வரட்டும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு முழுக்கப் பூட்டிக் கிடந்தது. தராசு பிடிக்கிறவர்கள், துணி கிழிக்கிறவர்கள், எல்லோரும் துறைக்கும் ரோட்டுக்கும் கல் சுமந்தார்கள். காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்றார். அக்கரைக்காரர் தங்கள் பக்கத்தில் மண் வெட்டினார்கள். வாவியின் இரண்டு கரையும் ஒரே வேலையாய் அசைவதைப் பார்த்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. மேல்மாடியில் கூடித் தேத்தண்ணி குடிக்கிற இந்தச் சனமா இது என்றிருந்தது.

பாதை வந்த அன்று நெல் ஏற்றிய லொறியொன்று அக்கரையிலிருந்து புறப்பட்டது. கயிறு இழுத்தவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீருக்கு மேலே லொறி நின்றபடி நகர்ந்து வந்தது, வீடொன்று எழும்பி வருவதுபோல. கரையில் அத்தனை சனமும் தண்ணீர் விளிம்புவரை இறங்கிவிட்டது. சாரதி பயத்தில் இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மடியில் பிள்ளையோடு இருந்தாள், பிள்ளைக்கு ஆசுபத்திரியில் ஊசி போடுவிக்க வருகிறாளாம்.