கரட்டூருக்கு ஒரே கிணறு வைத்தவர்

தீர்த்தமலையில் சாமி கும்பிட்டுவிட்டு மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, என்னோடு வேலை பார்க்கும் மாதம்மா காத்திருந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "ரஹமத் அக்கா நேத்து போயிட்டாங்க. சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றாள். முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனாலும் மெத்தை தைக்கும் பாய் வீட்டு ரஹமத் அக்காவை நினைத்தால் அழுகையைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அவரோடு புளி மண்டியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

புளி சீசனில் மதியம் முழுக்கக் கொட்டை எடுப்போம். கை ஓடும், வாய் சும்மா இருக்காது. யார் வீட்டுக் கதையாவது உருளும். அது பிடிக்காமல்தான் அக்கா ஊர் கட்டும் விளையாட்டைத் தொடங்கினார். இல்லாத ஊர் ஒன்றை எல்லோருமாகச் சேர்ந்து கட்ட வேண்டும். ஆளுக்கொரு வேடம்; அந்த ஊர்க்காரியாகவே பேச வேண்டும். ஒருத்தி வேடத்துக்கு இன்னொருத்தி பேசக் கூடாது. கரட்டூர் என்று பெயர் வைத்தோம். எந்த வீடு எந்தத் தெருவில், யாருக்கு யார் என்ன உறவு என்று நோட்டில் எழுதிவைப்பது என் வேலை. நேற்று சொன்னதை இன்று யாரும் மாற்றிவிடக் கூடாதல்லவா.

முதலில் ஆசை ஆசையாகக் கட்டினோம். ஏரி நிறையத் தண்ணீர், வாழைத் தோப்பு, வீட்டுக்கு வீடு கறவை மாடு. மூன்றாம் நாள் எல்லோருக்கும் கொட்டாவி.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் இருக்குது. எழுந்து அவங்கவங்க வூட்டுக்குப் போலாம்" என்றார் அக்கா. "மரம் மட்டையெல்லாம் ஊரு இல்லம்மா. அங்க எது பத்தலன்னு சொல்லுங்க, ஊரு தெரிஞ்சிடும்."

ஏரியை அவரே வற்றவைத்தார். மிச்சம் ஒரே கிணறு. அதை மேல்தெருவில் தனியாக விவசாயம் பார்க்கும் கங்கம்மாவுக்குக் கொடுத்தார். கங்கம்மா என் வேடம். கிணற்றுத் தண்ணீர் அவளுடைய தக்காளி நாற்றுக்குப் போதும். இல்லையென்றால் கீழ்த்தெருக் குடங்களுக்குப் போதும். இரண்டுக்கும் போதாது. கீழ்த்தெருக்காரி வேடம் மாதம்மாவுக்கு. "ஒருத்தி கெட்டவளா இருந்தா அது வெறும் சண்டை. ரெண்டு பேர் பேச்சும் நியாயமா இருக்கணும்" என்றார்.

மாதம்மா இல்லாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு வாயில் 'இல்லை' வரவில்லை. தாகத்துக்குக் கேட்டவளை விளையாட்டுக்குக்கூட விரட்டினால் பாவம் என்று பயம். மாரியம்மன் மழையைக் கொடுத்துவிட்டாள் என்றேன். மறுநாளும் மழை.

"எனக்குக் கட்டின சேலை காயவே இல்லங்க" என்றாள் மாதம்மா.

"உன் சாமி நல்லவங்கதான். நாம தப்பிச்சிக்க அவங்கள இழுக்கறது நியாயமா?" என்றார் அக்கா.

சுருக்கென்று இருந்தது. வேறு சாமி கும்பிடுபவர் என் அம்மனைக் குறை சொல்கிறார் என்று நினைத்து, நோட்டோடு எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாட்கள் மண்டிப் பக்கம் போகவில்லை. அக்காவின் சிநேகம் அத்தோடு தீர்ந்தது என்றே எண்ணினேன்.

ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்றார். "கோவமா? நானும் அஞ்சு வேளை கேக்கறவதான் தங்கச்சி. கேட்டுட்டு, குடத்தையும் நான்தான் தூக்கறேன். அவ்ளோதான் சொன்னேன். வா, நாலு நாளா கரட்டூர்ல யாரும் சோறு ஆக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே போனேன். மாதம்மா மறுபடியும் குடத்தோடு வந்தாள்.

"தண்ணி இல்ல, போ. என் புள்ளைங்க இந்தத் தக்காளியத்தான் நம்பியிருக்குது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"உன் புள்ளைக்குத் தக்காளி, என் புள்ளைக்கு வறட்டு நாக்கா?" என்றாள் மாதம்மா. நிஜமாகவே முறைத்தாள்.

மண்டியில் ஒருத்தி கையும் ஓடவில்லை. இந்த முறை மழை வராது என்று எனக்குத் தெரியும். கடைசியில், "மேல் பாத்தி மூணையும் காயவுடறேன். அந்தத் தண்ணிய எடுத்துக்க" என்றேன். இல்லாத நாற்றுக்காக மனசு அப்படிப் பதறியது.

அக்கா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "இப்பத்தான் கெணறு உன்னுதாச்சி."

பூஜையில் மழை கேட்பதை இன்றும் நான் விடவில்லை. கேட்டு முடித்ததும், என் பங்குக்கு எந்தப் பாத்தியைக் காயவிட வேண்டும் என்றும் அம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். ரஹமத் அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த இரண்டாவது வேண்டுதல்தான்.