நான் வெட்டிய ஒரு வரி

போன வியாழக்கிழமை முருகேசனின் டாக்ஸியைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். கழற்றி வைத்திருந்த கேரியர் திரும்பவும் கூரை ஏறியிருந்தது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய வீல்சேர். பழையபடி ஆஸ்பத்திரி சவாரி தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"என்ன முருகேசன், கௌரி அக்காவுக்கு இன்னைக்கு டயாலிசிஸா?"

"இல்ல சாரே. அக்கா மரிச்சுப் போச்சு. சேர் பாலியேட்டிவ் கிளினிக்ல இரவல் வாங்கினது... திருப்பிக் கொடுக்கத்தான் கேரியரை மாட்டினேன்."

இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் கார் மைலேஜ் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டியே எரிபொருள் வீணாகிறது, ஜன்னலை ஏற்றிவிடுங்கள், கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றி எறியுங்கள் என்று. ஏதோ காரையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி! பாராட்டிக் கடிதங்கள் வேறு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

முருகேசன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பேசுவது தமிழ், படிப்பது மலையாளம். தென்காசியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவர் மனைவிதான் வாரா வாரம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுவார். அந்த வாரமும் வாசித்தார். மறுநாள் காலையே இவர் ஸ்பானரை எடுத்துவிட்டார்.

ஆனால் அவர் கேரியர் சும்மா கிடக்கவில்லை. டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டதால், பக்கத்து வீட்டு கௌரி அக்காவின் வீல்சேர் கூரை மேல்தான் போகும். அக்கா முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் மூன்று நாள் எர்ணாகுளத்தில் டயாலிசிஸ். மகள் சிந்து துணைக்குப் போவாள்.

"சேர் ஆஸ்பத்திரியிலயே கிட்டுமல்லோன்னு நான்தான் சொன்னேன்," என்றார் முருகேசன். "மூணு வாரம் கிட்டுச்சு. பின்னே ஒரு நாள் ஒண்ணுகூட கிட்டல. நேரமாகுதுன்னு அக்கா சிந்து தோளைப் பிடிச்சிட்டு நடந்துச்சு. வாசல் சரிவுல விழுந்துடுச்சு சாரே."

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷனை அந்த உடம்பு தாங்கவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாதபோது மனுஷன் அசட்டுத்தனமாகத்தான் எதையாவது கேட்பான். நானும் கேட்டேன்.

"மைலேஜ்... கூடிச்சா?"

"ஒண்ணும் கூடல. தோப்பும்படி ஜங்ஷன் தாண்டுறவரைக்கும் வண்டி நடக்கிற வேகம்தான். அதுல என்ன காத்து?"

உண்மைதான். காற்று காரை இழுத்துப் பிடிப்பது ஹைவே வேகத்தில். பஜார் ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்குக் கேரியர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதியும் இருந்தேன். இடம் போதவில்லை என்று கடைசி நேரத்தில் அந்த வரியை வெட்டினேன். கூடவே ஒரு ஜோக் இருந்தது. அதை வெட்ட மனசு வரவில்லை.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். முருகேசன் திட்டவில்லை. "ஏறுங்க சாரே, இறக்குறதுக்கு ஒரு கை பிடிங்க," என்றார். ஏறினேன். வழி நெடுக ஊர்ந்துதான் போனோம். கூரை மேல் ஒரு வீல்சேர் இருப்பதே வண்டிக்குத் தெரியவில்லை.

வெட்டிய வரி இதுதான், தாமதமாக: நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் கேரியரைக் கழற்ற வேண்டியதில்லை.