கரையில் நிற்கப் பழகியவர்

என் அக்காள் சௌந்தரத்தின் கணவர் கலியமூர்த்தி வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் நம்பியது வேறு. ஊரை விடுங்கள், நானே அவரை நம்பவில்லை.

சோணாங்குப்பத்தில் முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். நான்கைந்து நாள் கடலில் கிடந்துவிட்டு இறங்கினால் தரை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எங்கள் ஆட்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூங்கி எழுந்தால் போய்விடும். மாமாவுக்குப் போகவில்லை. படகில் ஏறினால் மட்டும் எல்லாம் சரியாகிவிட்டது. அதனால் அவர் கண்டுபிடித்த வைத்தியம், இன்னும் சீக்கிரமாகக் கடலுக்குத் திரும்புவது. கடல்காரனைத் தவிர யாருக்கும் இப்படி ஒரு புத்தி வராது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகள் பொன்னிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கீரப்பாளையத்தில் வேலை. தாலி கட்டும் நேரத்தில் மாமா மேடையில் இடமும் வலமுமாக ஆடி, குத்துவிளக்கின் மேல் சாய்ந்தார். விளக்கு உருண்டது. தாய்மாமன் என்ற உரிமையில் பக்கத்தில் நின்ற நான், "இன்னைக்குக் கூடவா ஊத்திக்கினு வரணும்?" என்று கத்தி, தோளைப் பிடித்து மேடையை விட்டுக் கீழே தள்ளினேன். பொன்னி அழுதுகொண்டே புருஷன் வீட்டுக்குப் போனாள். அப்புறம் அப்பாவோடு அவள் பேசவே இல்லை.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், இந்த ஆட்டத்துக்காகப் பார்த்த காது டாக்டர் சொல்லி, சிதம்பரத்தில் பிசியோதெரபி பார்க்கும் ப்ரீத்தியிடம் மாமாவை அழைத்துப் போனேன்.

"படகுல இருக்கும்போது எப்டி இருக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"அங்க ஒண்ணுமே இல்லம்மா. எறங்குனாத்தான் ஆட்டம்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "ஒங்க மூள கடலோட ஆட்டத்துக்குப் பழகிப் போச்சி. கரைக்கித் திரும்பி வர மாட்டேங்குது. இது ஒரு நோவுங்க ஐயா."

"குடியால வர்றது இல்லயே?" என்றேன். கேட்கும்போதே நாக்கு கூசியது. மாமா என் பக்கம் திரும்பவில்லை.

வாராவாரம் போனோம். சுவரில் நகரும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே தலையை இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டும். மெத்தை மேல் காலைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்க வேண்டும். தடைக்காலம் முடியப்போகும்போது ப்ரீத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இனிமே படகு வேணாங்க ஐயா. ஏறுனா ஆட்டம் திரும்பி வந்துடும்."

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். "எனக்கு ஆடாத எடம் கடல் ஒண்ணுதான் மச்சான். அத உட்டாத்தான் மத்த எடத்துல நிக்க முடியுமாம்."

"கீரப்பாளையம் பக்கந்தான மாமா, ஒரு எட்டு பொன்னியப் பாத்துட்டுப் போவலாமா?"

"ஆடாம நிக்க வரட்டும். அப்புறம் போறேன்."

அவருக்கு நோவு என்று அக்காள் பொன்னியிடம் போனில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அம்மா மூடி மறைக்கிறாள் என்று மகள் போனை வைத்துவிடுவாள். எல்லாம் நான் மேடையில் கத்தியதன் பலன்.

தடை முடிந்து படகுகள் கிளம்பின. மாமா துறைமுகத்துப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குள் பழைய தலையணை மேல் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

ஆவணியில் கீரப்பாளையம் போனோம். கதவைத் திறந்த பொன்னி அப்படியே நின்றாள். மாமா காலைச் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆடுறேனா பாரும்மா."

அவள் கிட்டே வந்து அவர் முகத்தருகே குனிந்தாள். மாமா கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்து காட்டினார். "நல்லா மோந்து பாத்துக்கம்மா."

பொன்னி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னைக்கே பாத்திருக்கணும்பா."

"அன்னைக்கு யாராச்சும் என்ன ஒரு கை புடிச்சிருந்தாப் போதும்மா," என்றார்.

அன்று அவரைப் பிடித்தவன் நான் ஒருவன்தான். கீழே தள்ளுவதற்குத்தான் பிடித்தேன்.