ஓவர்டிராஃப்ட் விசாலாக்ஷி

வங்கிக்கு வந்தால் விசாலாக்ஷி மேனேஜரின் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிர் நாற்காலியில்தான் உட்காருவாள். உள்ளே இருப்பவர் தலை நிமிர்ந்தால் அவள் முகம் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் கம்பெனியில் அவள் கணக்கு அதிகாரி. முதலாளி ஸ்ரீரங்கனுக்குக் கடன் கேட்கக் கூச்சம். கேட்பது இவள் பாடு. சம்பளத் தேதி நெருங்கினால் மயிலாப்பூரிலிருந்து டிஃபன் டப்பாவோடு நேரே ராயப்பேட்டை கிளைக்கு வந்துவிடுவாள். "ஓவர்டிராஃப்ட் பாஸாகாம ஆத்துக்குப் போறதா இல்லே சார்" என்பாள் சிரித்தபடி. மேனேஜர்கள் மாறினார்கள்; எல்லோரும் கடைசியில் கொடுத்தார்கள். தனியாளாகவே இருந்துவிட்டவளுக்கு, யாரிடமாவது சொல்லிக்கொள்ள அந்தச் சண்டைகள்தான் இருந்தன.

போன வருஷம் ஒரு ஜெர்மன் நிறுவனம் கம்பெனியை வாங்கியது. அவர்கள் ஜாமீன் நின்றதும், அதுவரை இழுத்தடித்த வங்கியே குறைந்த வட்டிக்குக் கடன் தர ஆளனுப்பியது. பேச்செல்லாம் அவர்களுடைய சிங்கப்பூர் ஆபீஸோடு. விசாலாக்ஷிக்குச் சம்பளம் கூடியது, செய்யத்தான் ஒன்றுமில்லை. ஆனாலும் வந்துவிடுவாள். புது மேனேஜர் கிரீஷ் காபி வரவழைத்து, என்ன விஷயம் என்று கேட்பார். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது என்பாள்.

அன்று பக்கத்து நாற்காலியில் குலாம் ரசூல் இருந்தார். கம்பெனிக்குக் கட்டில் சக்கரம் செய்து தருபவர். முன்பெல்லாம் மாசக் கடைசியில் கைக்கு வந்த பணத்தைப் புது நிர்வாகம் மூன்று மாசம் கழித்துத் தருகிறது. அதுவரை பட்டறையை ஓட்டக் கடன் கேட்டு அலைகிறார்.

"அவுங்களைக் கூப்ட்டுக் குடுக்கறாங்க மேடம். அவுங்களுக்குச் சரக்கு போடற எனக்கு இல்லியாம்."

அவரை அழைத்துக்கொண்டு விசாலாக்ஷி உள்ளே போனாள். பழைய குரல் தானாக வந்தது. காபி ஆறிப்போகும்வரை வாதாடினாள். கிரீஷ் கடைசியில் இறங்கி வந்தார். குலாம் ரசூலுக்கு வரவேண்டிய பில் பணத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்று மேடம் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அதை வைத்தே கடன் தருகிறேன் என்றார்.

குலாம் ரசூல் அவளைப் பார்த்தார்.

சிங்கப்பூருக்குப் போன் செய்தாள். சப்ளையர்களின் கடன் நம் விஷயமல்ல என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

"என் கையெழுத்து இப்போ செல்லாது சார்."

"நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க" என்று எழுந்த குலாம் ரசூல், வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். விசாலாக்ஷி பின்னாலேயே வந்தாள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு, புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.