கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

திருவனந்தபுரத்தில் பழைய கல்லறைகளுக்குப் பெயர்போன பகுதி ஒன்றில் அளவெடுக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். அவை யாருடைய முன்னோரின் கல்லறைகள் என்று இரண்டு தரப்புக்கு இடையே நீதிமன்றத்தில் வழக்கு. தோண்டிப் பார்த்துவிடலாம் என்று பேச்சு எழுந்திருந்தது. எங்கெங்கே குழி எடுப்பது என்று குறிக்க நில அளவை அலுவலகத்திலிருந்து எங்களை அனுப்பியிருந்தார்கள்.

அவர் கட்டட வேலைக்காரர். சட்டையில் காய்ந்த சிமெண்ட், கையில் ஒரு பால் பாக்கெட். வேலியோரப் புங்கமரத்தடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார்.

"பயப்படண்டா சேட்டா, இங்க உள்ள யாரும் எழுந்து வரமாட்டாங்க" என்று சிரித்தான் என்னுடன் வந்த சக ஊழியன்.

அவர் சிரிக்கவில்லை. பாலைத் தரையில் ஊற்றினார்.

"எம் பிள்ள இங்கதான் இருக்கா. ஒரு வயசு நெறையல. ஊருக்குக் கொண்டுபோக வழியில்ல. இந்தக் கல்லறையள யாரும் தொடமாட்டாவன்னுதான் பக்கத்துல வச்சேன்."

நாங்கள் நட்ட சிவப்புக் குச்சி அந்த இடத்தில்தான் நின்றது. அதை நகர்த்த எனக்கு அதிகாரமில்லை என்று சொன்னேன். அவர் காலிப் பால் பாக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப தோண்டும்போது எனக்கு ஒரு போன் பண்ணுங்க. மத்தவுக தொட வேண்டாம். நானே எடுத்துக்கிடுதேன்."

எண்ணை வாங்கிக்கொண்டேன். வழக்கு ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் அலுவலகத்தில் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. எடுத்து எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.