லண்டன் முதலாளி கேட்ட கேள்வி

எழுபதுகளில் மெல்பேர்னில் நான் வேலைசெய்த பெரிய துணிக்கடையில் லிஃப்டை இயக்கியவர் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். நெடிய உருவம். கதவை மூடுமுன் எப்போதும் டையைச் சரிசெய்வார். முன்பு லண்டனில், பல கடைகள் வைத்திருந்த பணக்காரக் குடும்பமொன்றிடம் வேலைசெய்தவர். தேர்தலில் அவர்களுடைய கட்சிக்காக வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்க மறுத்ததால் வேலையை இழந்தவர்.

ஒருநாள் அந்தக் குடும்பத்து மூத்த மகன் எங்கள் முதலாளியின் விருந்தாளியாக, அவரோடு லிஃப்டில் ஏறினார்; நானும் உள்ளே நின்றேன். லிஃப்ட் இயக்கியவரை அடையாளம் கண்டு, "அந்தத் தேர்தலில் யாருக்கு வாக்குப் போட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் முதலாளியின் முகம் இறுகியது.

"எத்தனையாவது மாடி, சேர்?" என்றார் இவர்.

அவர்கள் இறங்கியதும், "உண்மையா ஆருக்கு அங்கிள் போட்டனீங்கள்?" என்றேன்.

"அவையின்ர கட்சிக்குத்தான், பிள்ளை. ஆனா அதைக் கேக்க அவர் ஆர்?"

உண்மையைச் சொல்லி ஒரு வார்த்தையில் அந்த இக்கட்டிலிருந்து தப்பியிருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.