பூட்டை உடைத்த செபஸ்தியம்மாள்

நிலையத்துத் தொலைபேசி ஒலித்ததும் வழக்கம்போல் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தேன். மறுமுனையில் தன்னார்வக் குழுவின் முருகேசன். “தீயெல்லாம் இல்லைங்கண்ணா. நம்ம செபஸ்தியக்கா போயிட்டாங்க” என்றான். சாவியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தீயணைப்பு வண்டி ஓட்டுநராகிய நான் அவரை முதன்முதலில் கண்டது ஒரு தீ விபத்தில்தான். அப்போது திருச்செங்கோட்டுக்கு மேற்கே உள்ள இந்த விசைத்தறித் தெருக்களுக்கு நான் வேலை பார்த்த பழைய நிலையம் வெகு தூரம். வந்து சேர்ந்தும் பயனில்லை. வண்டி சந்து முனையிலேயே சிக்கிக்கொண்டது. குழாயை இழுத்துக்கொண்டு ஓடினோம். அதற்குள் தறிக்கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் தறி ஓட்டிய செபஸ்தியம்மாள், கையில் கடப்பாறையோடு நின்றார். வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாதென்று கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார் முதலாளி.

“யாரைக் கேட்டுப் பூட்டை உடைச்சே?” என்று அவரிடம் கத்தினார் முதலாளி.

“உள்ள இருந்தவங்களக் கேட்டுத்தானுங்க.”

முதலாளி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார்கள். சாட்சி சொல்ல நானும் போயிருந்தேன். “மாட்டேனுங்க. இன்னொருக்கா பூட்டியிருந்தா இன்னொருக்கா உடைப்பேன்னு வேணா எழுதிக்கிங்க” என்றார் செபஸ்தியம்மாள். புகார் அத்தோடு நின்றது; அவர் வேலையும் போயிற்று. அந்தத் தெருக்களில் ஒரு முதலாளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குப் போனார்.

அங்கேதான் தன்னார்வத் தீயணைப்புக் குழு பிறந்தது. தண்ணீர்த் தொட்டி லாரி ஓட்டுநர்களைச் சேர்த்தார், தறிக்காரர்களைச் சேர்த்தார். மின்சாரத்தை நிறுத்த ஒருவர், சந்தில் நிற்கும் வண்டிகளை அகற்ற இருவர், எங்களுக்குத் தகவல் சொல்ல ஒருவர் என்று தெருவுக்குத் தெரு ஆள் பிரித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் நிலைய அலுவலர் வந்து பயிற்சி கொடுத்தார். நன்கொடையாகத் தலைக்கவசங்கள் வந்தன. கூடவே, ஊருக்கென்று தனி நிலையம் வேண்டுமென்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். “பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?” என்று ஒரு அதிகாரி கேட்டபோது, “தீ அப்பிடிப் பாத்து வாரதில்லைங்களே” என்றாராம்.

ஒருவழியாக நிலையம் வந்தது. நானும் மாற்றலாகி வந்தேன். திறப்பு விழா முடிந்ததும் மேலதிகாரி ஒருவர், “இனிமேல் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். குழுவைக் கலைத்துவிட்டுத் தலைக்கவசங்களை ஒப்படையுங்கள்” என்றார். செபஸ்தியம்மாள் எழுந்து நின்றார்.

“ஸ்டேசன் வந்திருச்சுங்க, சந்தோசம். சந்து அகலமாயிருச்சுங்களா?”

அதிகாரி எங்களைப் பார்த்தார். “சந்து முனை வரைக்கும்தான் சார் எங்க வண்டி போகும். அதுக்கு மேல அவங்க வேணும்” என்றார் எங்கள் அலுவலர். தலைக்கவசம் ஒன்றுகூட ஒப்படைக்கப்படவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு தீ விபத்திலும் நாங்கள் சேர்ந்தே நின்றோம். நுரையீரல் கெட்டு, மருத்துவர் புகைப்பக்கமே போகாதீர்கள் என்ற பிறகும், தெருமுனையில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார் செபஸ்தியம்மாள்.

அவருடைய பெட்டியைக் குழியில் இறக்கிய நேரத்தில் முருகேசனின் கைபேசி அலறியது. தேங்காய்நார்க் கிடங்கில் தீ. பெட்டிக்குத் தோள் கொடுத்து வந்த குழுக்காரர்கள் அப்படியே ஓடினார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் நிறுத்தியிருந்த தீயணைப்பு வண்டிக்கு நானும் ஓடினேன். அணைத்துவிட்டுத் திரும்ப மாலையாகிவிட்டது. குழி மூடப்படவில்லை. மூடிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்களாம். “அவங்க வரட்டும். அதுவரைக்கும் யாரும் மண்ணத் தொடக்கூடாது” என்று மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் அவர் மகள்.

நனைந்த உடையோடு, கரி படிந்த கையால் ஒவ்வொருவராக மண் போட்டோம். போய் வாருங்கள், அக்கா.